சர்க்கரை குறைந்த புண்ணியம்

தான் கூ என்னும் விகாரையின் தலைமை பிக்குவுக்கு எடை நூற்றுப் பதினாலு கிலோ என்று ஊருக்குத் தெரியவந்த நாளில்தான் சங்வியனின் வியாபாரத்துக்குக் கெட்ட பெயர் வந்தது.

அதற்கு முன்பு கெட்ட பெயரெல்லாம் அவள் வாய்க்கு மட்டும்தான். பெட்சபுரி ஆற்றோரத்துச் சந்தையின் வாசலில், விகாரைக்குப் போகும் சாலையைப் பார்த்தபடி அவள் கடை. முட்டை, தேங்காய்ப்பால், சேப்பங்கிழங்கு, பனைவெல்லம் எல்லாம் சேர்த்துத் தட்டில் ஊற்றிச் சுட்டு, மேலே பொரித்த சின்ன வெங்காயம் தூவும் மோ கெங்தான் அவள் சரக்கு. வேறு எதுவும் செய்யத் தெரியாது என்று அவளே சொல்வாள். விடிகாலையில் பிக்குகள் கிண்ணத்தோடு வரும்போது போடுவதற்காக, வாழை இலையில் மடித்த துண்டுகளை ஊரே அவளிடம் வாங்கிப் போகும். வயது ஐம்பத்தொன்பது. புருஷன் பஸ் ஓட்டுநர். பதினோரு வருடத்துக்கு முன்பு லாட்டரிச் சீட்டு விற்கும் பெண் ஒருத்தியோடு போய்விட்டான். அவன் சட்டைகளை ஒவ்வொன்றாக ஆற்றில் விட்டுவிட்டு, மறுநாள் வழக்கம்போலக் கடையைத் திறந்தாள். யாராவது துக்கம் விசாரித்தால், அவனுக்குப் பரிசு விழுந்ததா என்று மட்டும் கேட்டுச் சொல்லச் சொன்னாள்.

அந்த வருடம் மழைக்காலத்துக்குச் சற்று முன்பு, நர்ஸ் ரச்சனி, பிக்குகளைப் பெண்கள் தொடக் கூடாது என்பதால் ஓர் ஆண் உதவியாளரோடு விகாரைக்கு வந்து, ஒன்பது பிக்குகளின் விரலிலும் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் போனாள். அடுத்த விரத நாளில் ஊர் கூடியிருந்த மண்டபத்தில் முடிவைச் சொன்னாள். ஒன்பது பேரில் ஆறு பேருக்குச் சர்க்கரை. தலைமை பிக்கு தியப்புக்கு மற்ற ஐந்து பேரையும்விட அதிகம், எடையும் நூற்றுப் பதினாலு கிலோ.

பிக்குகள் இன்னது வேண்டும் என்று கேட்க முடியாது. கிண்ணத்தில் விழுந்ததைச் சாப்பிட வேண்டும். கிண்ணத்தில் போட்ட புண்ணியம் செத்துப்போனவர்களுக்குப் போய்ச் சேரும் என்பதால், விழுவதெல்லாம் அவர்களுக்குப் பிடித்தது. ஒருத்தி மாமனாருக்குப் பிடித்த கொழுப்புள்ள பன்றிக்கறி போடுவாள், ஒருத்தன் சித்திக்குப் பிடித்த பாகு தோய்த்த வாழைப்பழம் போடுவான். ஊரில் இறந்தவர்களின் நாக்கெல்லாம் சேர்ந்து ஒன்பது பேர் வயிற்றில் குடியிருந்தது. நடுப்பகலுக்குப் பிறகு திட உணவு கிடையாது என்பதால், பாவம் பசிக்குமே என்று சாயங்காலம் பாட்டில் பாட்டிலாக இனிப்புப் பானம் வேறு.

ரச்சனி சின்ன வயசுக்காரி, ஆனால் தம்மம் படித்தவள். புத்தர் இல்லறத்தாருக்கு வேண்டாம் என்று சொன்ன ஐந்து வியாபாரங்களை விரல்விட்டு எண்ணினாள்: ஆயுதம், உயிர், இறைச்சி, கள், விஷம். சர்க்கரை நோயாளிக்கு இனிப்பு அந்த ஐந்தாவதில்தான் சேரும் என்றாள். மண்டபத்தில் இருந்த நூறு தலைகளும் மெதுவாகச் சங்வியன் பக்கம் திரும்பின.

“ஏம்மா, நான் என்ன ஊட்டியா விட்டேன்?” என்றாள் சங்வியன்.

கூட்டம் சிரித்தது. நோயுற்ற பிக்கு தனக்கு ஒத்துக்கொள்ளும் உணவைக் கேட்டு வாங்கலாம், அதற்குப் பிக்குகளின் ஒழுக்க விதியான விநயத்திலேயே இடமிருக்கிறது என்று ரச்சனி தலைமை பிக்குவைப் பார்த்துச் சொன்னாள். தியப் மடியில் கையை வைத்தபடி யோசித்தார்.

“கேக்கலாம்தான். ஆனா அதுக்கு முதல்ல நான் நோயாளின்னு ஒத்துக்கணுமே” என்றார்.

அதற்கும் சிரிப்பு. ஆனால் சங்வியன் சிரிக்கவில்லை. அவள் அப்பா பனையேறி. பதநீரைப் புளிக்கவிட்டுக் கள்ளாக விற்றால் இரண்டு மடங்கு கிடைக்கும் என்று ஊரே சொல்லியும், அது நாலாவது வியாபாரம் என்று மறுத்து, ஆயுள் முழுக்க வெல்லமே காய்ச்சியவர். நாலாவதிலிருந்து அப்பா தப்பித்தார், மகள் ஐந்தாவதில் வந்து விழுந்தாள் என்று தனக்குள் கணக்குப் போட்டாள். மறுநாள் பகல் முழுக்கக் காலித் தட்டுகளைத் தேய்த்துக்கொண்டே யோசித்தாள். தேய்த்து முடிப்பதற்குள் வழி தெரிந்துவிட்டது.

தானத்துக்கு வாங்குகிறவர்கள் யாரும் பண்டத்தை முன்னதாக ருசி பார்க்க மாட்டார்கள். அது குற்றம். சாப்பிடும் பிக்குகள் குறை சொல்லக் கூடாது. அதுவும் குற்றம். மிச்சம் இருப்பது செத்துப்போனவர்கள். அவர்களில் ஒருவரும் இதுவரை திரும்பி வந்து அவள் பண்டத்தைப் பற்றிப் புகார் சொன்னதில்லை.

அன்றிலிருந்து இரண்டு விதமாகச் சுட்டாள். வீட்டுக்கு வாங்கிப் போகிறவர்களுக்குப் பழைய கைப்பக்குவம். இலையில் மடித்த தானத் துண்டில் முதல் வாரம் கால் பங்கு வெல்லம் குறைந்தது. ஒரு மாதத்தில் பாதி. சேப்பங்கிழங்கைக் கூட்டினாள். வெல்லம் குறைந்தால் மேல்பக்கம் சிவக்காமல் நோயாளி முகம்போல வெளுத்துக் கிடக்கும். நாலைந்து தட்டு வீணான பிறகு, கடைசி ஐந்து நிமிடத்துக்கு மேலே மட்டும் லேசாகத் தேங்காய்ப்பால் தடவி, அடுப்பின் மேல்சூட்டை ஏற்றலாம் என்று கண்டுபிடித்தாள். பார்வைக்கு அசல்.

முதல் ஆளாகத் தியப்தான் கண்டுபிடித்தார். அவரும் சங்வியனும் ஒரே பள்ளியில் படித்தவர்கள். அவள் அப்பா மரத்தடியில் வைத்த பதநீர்ப் பானைகளில் அவர் திருடிக் குடித்தது அவளுக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். இரண்டாவது வாரத்தில் ஒரு காலை, அவள் கடை முன்னால் கிண்ணத்தோடு நின்றவர், வழக்கத்தைவிட ஒரு கணம் கூடுதலாக அவளைப் பார்த்தார். அவள் பணிவாகக் கும்பிட்டாள். அவர் ஆசீர்வாதம் ஓதிவிட்டு நகர்ந்தார். வேறு என்ன செய்ய முடியும்?

பிரசங்கம் செய்ய முடியும். அடுத்த விரத நாளில் எண்ணெய் வியாபாரி ஒருவனின் கதையைச் சொன்னார். அவன் அளக்கும் படியின் அடியில் மெழுகை ஒட்டிவைத்து ஊரை ஏமாற்றியவன், அடுத்த பிறவியில் வாய் சிறுத்துப் பிறந்தானாம். ஊரில் எல்லோரும் பெட்ரோல் பங்க் முதலாளியைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் வியர்த்துப்போய், அந்த வாரமே மீட்டர்களைச் சரிபார்க்க ஆள் வரவழைத்தார். பிரசங்கம் முடிந்ததும் சங்வியன் முன்னால் போய் மண்டியிட்டாள்.

“கதை நல்லா இருந்துச்சு சாமி. எண்ணெய் குறைஞ்சதால யாருக்காச்சும் உடம்பு தேறுச்சா?”

“கதையில அது வரல” என்றார் தியப்.

“அடுத்த தடவை சேத்துக்கோங்க.”

அடுத்த தடவை அவர் எண்ணெயை விட்டுவிட்டு, சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் இருப்பதும் பொய்யில் சேருமா என்று முக்கால் மணி நேரம் பேசினார். சங்வியன் மறுநாள் கிண்ணத்தில் ஒன்றுக்கு இரண்டு துண்டாக வைத்தாள்.

இப்படியே ஒன்றரை மாதம் போனது. அப்புறம் ஒரு விசித்திரம் நடந்தது. இருபது வருடமாகச் சந்தையைச் சுற்றி நானூறு அடி நடந்து திரும்பிக்கொண்டிருந்த தியப், திடீரென்று பாலத்தைத் தாண்டி மேலக்கரைக்குப் போக ஆரம்பித்தார். அங்கே வயதானவர்கள், ஏழைகள், விகாரைவரை வர முடியாதவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கும் புண்ணியம் செய்ய வாய்ப்பு வேண்டாமா என்றார். இந்த உடம்பை வைத்துக்கொண்டு எவ்வளவு கருணை என்று ஊர் உருகிப்போனது. மற்ற பிக்குகள் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் போனார்கள்.

சங்வியனுக்கு மட்டும் கருணையில் வெல்ல வாசனை அடித்தது. ஒரு நாள் கடையைப் பக்கத்துக் காய்கறிக்காரியிடம் விட்டுவிட்டு, சைக்கிளில் பின்னாலேயே போனாள். பாலம் இறங்கி, மீன் உலர்த்தும் களத்தைத் தாண்டி, அரசமர முனையில் தியப் நின்றார். அங்கே ஒரு மோ கெங் கடை. கடைக்காரி புன்லோம், ஓடிப்போன புருஷனின் தங்கை. வெல்லத்தை அள்ளிக் கொட்டிச் செய்கிறவள். கிழவிகள் மூன்று பேர் அவளிடம் வாங்கிய துண்டுகளைக் கிண்ணத்தில் வைக்க, தியப் கண்ணை மூடி ஓதினார். அவர் அவ்வளவு உருக்கமாக ஓதி சங்வியன் கேட்டதேயில்லை.

புன்லோமும் அவளும் பேசிப் பதினோரு வருடம். அண்ணன் ஓடியதற்கு அண்ணியின் வாய்தான் காரணம் என்று புன்லோம் சொன்னது ஆற்றின் இரண்டு கரைக்கும் தெரியும். பிக்குகள் நகர்ந்ததும் சங்வியன் சைக்கிளைச் சாய்த்து நிறுத்திவிட்டுக் கடைமுன் போய் நின்றாள். புன்லோம் கத்தியைத் துடைத்தபடி ஏற இறங்கப் பார்த்தாள்.

“என்ன அண்ணி, எங்கண்ணன் சட்டை ஏதாச்சும் மிச்சம் இருக்கா, ஆத்துல விட?”

“சட்டையெல்லாம் தீந்துடுச்சு. சர்க்கரை விஷயமா வந்தேன்.”

விஷயம் முழுவதையும் சொன்னாள். தியப்புக்கு எவ்வளவு சர்க்கரை, நர்ஸ் என்ன சொன்னாள், தான் என்ன செய்தாள், பிக்கு எதற்காகப் பாலம் தாண்டுகிறார் என்பதுவரை. கருணை என்ற வார்த்தை வந்ததும் புன்லோம் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்து ஓய்ந்த பிறகு வியாபாரியாகிவிட்டாள்.

“வெல்லத்தைக் குறைச்சா மேல வெளுத்துடுமே. நீ என்ன பண்றே?”

சங்வியன் அந்த ரகசியத்தைத் தன் உறவில் யாருக்கும் சொன்னதில்லை. சொல்ல உறவென்றும் யாரும் மிச்சமில்லை. தேங்காய்ப்பாலையும் மேல்சூட்டையும் சொன்னாள். புன்லோம் ஒரு துண்டை எடுத்து இலையில் வைத்து நீட்டினாள். இரண்டு பேரும் நின்றபடியே தின்றார்கள். இனிப்பு நாக்கைச் சுட்டது. அண்ணன் சீட்டுக்காரியையும் விட்டுவிட்டு இப்போது தெற்கே எங்கோ ரப்பர் தோட்டத்தில் இருப்பதாகப் புன்லோம் சொன்னாள். பரிசு விழவில்லையாம்.

மேலக்கரையிலும் இனிப்புக் குறைந்ததும் தியப்பின் கருணை ரயில் நிலையம்வரை நீண்டது. அங்கே பயணிகளுக்கு விற்கும் பாகுப் பண்டங்கள் கிண்ணத்தில் விழும். போக வர ஐந்து கிலோமீட்டர். காவி உடை தோளில் தளர்ந்து தொங்கத் தொடங்கியது. படியேறும்போது அவர் நடுவில் நிற்பதில்லை என்று ஊர் கவனித்தது.

எல்லாம் கெட்டது பிரகோங் வீட்டு அன்னதானத்தில்.

பிரகோங் ரைஸ் மில்காரரின் விதவை. மூன்று வருடமாக ஒரு நாள் தவறாமல், புருஷனுக்குப் பிடித்தது என்று மோ கெங் துண்டைக் கிண்ணத்தில் வைக்கிறவள். அவர் நினைவு நாளுக்கு ஒன்பது பிக்குகளையும் வீட்டுக்கு அழைத்தாள். அவர்கள் சாப்பிட்டு முடித்த பிறகு மிச்சத்தை வீட்டார் சாப்பிடுவது வழக்கம். வீட்டு விருந்துக்கு முழு வெல்லத்தில்தான் செய்ய வேண்டும் என்று சங்வியன் நினைத்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் அன்று கூட்டம் அதிகம், தட்டு மாறிவிட்டது.

மத்தியானம் பிரகோங் பாதி கடித்த துண்டோடு கடைக்கு வந்தாள். சத்தம் போடவில்லை. இலையைப் பலகைமேல் வைத்து, ஊர் கூப்பிடும் சுருக்கப் பெயரால் அவளைக் கேட்டாள்.

“எத்தனை நாளா வியன்?”

மழுப்பலாம் என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்து முடியவில்லை. “அஞ்சு மாசம் அக்கா” என்றாள்.

“அஞ்சு மாசமா அவரு இதையா தின்னுட்டு இருந்தாரு?”

சங்வியனுக்கு வாயில் வந்தது வேறு. மில்காரரே சர்க்கரையில் ஒரு காலை இழந்து செத்தவர்தானே, அங்கேயும் அதையே ஊட்ட வேண்டுமா என்று கேட்கப் போனாள். அதற்குள் பிரகோங் தாழ்ந்த குரலில் சொன்னாள். டாக்டர் வேண்டாம் என்றதும் கடைசி இரண்டு வருடம் அலமாரியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகி வைத்திருந்தாளாம். போவதற்கு முந்தின நாளும் ஒரே ஒரு துண்டு கேட்டாராம். நாளைக்குத் தருகிறேன் என்றாளாம்.

கடை போட்டு முப்பத்தி இரண்டு வருடத்தில் சங்வியன் வாயடைத்து நின்றது அதுதான் முதல் தடவை என்று காய்கறிக்காரி பிறகு எல்லோரிடமும் சொன்னாள். பிரகோங் திரும்பிப் போனபின் சங்வியன் அந்தப் பாதித் துண்டை வெகுநேரம் எடுத்து எறியாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

செய்தி ஊருக்குள் பரவ ஒரு வேளைகூட ஆகவில்லை. அடுத்த விரத நாளில் மண்டபம் நிரம்பி வாசலிலும் ஆட்கள் நின்றார்கள். தங்கள் அம்மாவும் மாமாவும் ஐந்து மாதமாகச் சப்பென்று சாப்பிட்டதை நினைத்துப் பலருக்கும் ஆத்திரம். அந்த நேரம் பார்த்து நர்ஸ் ரச்சனியும் ஒரு சட்டம் போட்ட சான்றிதழோடு வந்து சேர்ந்தாள். ஆறு பேரில் ஐந்து பேருக்குச் சர்க்கரை இறங்கியிருந்தது. தலைமை பிக்கு தொண்ணூற்றாறு கிலோ. நடைப்பயிற்சியால் உடலைக் காத்த முன்மாதிரிப் பிக்கு என்று அவர் பெயரை எழுதியே கொண்டு வந்திருந்தாள்.

பிரகோங் எழுந்து நின்றாள். சான்றிதழெல்லாம் அப்புறம் இருக்கட்டும், தான் கொடுத்த புண்ணியம் புருஷனுக்குப் போய்ச் சேர்ந்ததா இல்லையா, அதைப் பெரிய சாமி முதலில் சொல்லட்டும் என்றாள்.

தியப் சான்றிதழை வாங்கிப் பார்த்தார். பிறகு அதைக் குப்புறக் கவிழ்த்து வைத்தார். பிக்கு பொய் சொல்லக் கூடாது என்பதால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன் என்று ஆரம்பித்தார். நான் பாலம் தாண்டியது கிழவிகளுக்காக இல்லை, நல்ல இனிப்பைத் தேடித்தான். அது அங்கேயும் கெட்டுப்போனதால் ரயில் நிலையம்வரை போனேன். அதற்கு அப்பால் ஊர் இல்லாததால் நின்றேன். இதற்குச் சான்றிதழ் கொடுப்பதானால் வாங்கிக்கொள்கிறேன் என்றார்.

பின்வரிசையில் ஒரு பிக்கு, ஐந்து கிலோமீட்டரும் இதற்காகவா என்று தன்னையறியாமல் கேட்டுவிட்டார். அதன் பிறகு சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. பிரகோங் மட்டும் உட்காராமல் நின்றுகொண்டிருந்தாள். தியப் அவள் பக்கம் திரும்பினார்.

“நீ வைக்கும்போது மனசுல என்ன இருந்துச்சோ, அது அவருக்குப் போயிடுச்சும்மா. சர்க்கரை எனக்குத்தான் வந்துச்சு.”

பிறகு சங்வியனைப் பார்த்து, உடம்பு தேறியது உண்மை, ஊரை ஏமாற்றியதும் உண்மை, ஒன்றைக் காட்டி இன்னொன்றை அழிக்க முடியாது என்றார். சங்வியன் எழுந்து பிரகோங்கின் முன்னால் போய்க் கைகூப்பித் தலையைத் தரைவரை தாழ்த்தினாள். அவள் மன்னிப்புக் கேட்டு யாரும் பார்த்ததில்லை என்பதால், பின்னால் இருந்தவர்கள் எக்கி எக்கிப் பார்த்தார்கள். பிரகோங் பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

அன்றே சங்வியன் கடையில் ஒரு பலகை எழுதி மாட்டினாள். தானத் துண்டில் பாதி வெல்லம், வேண்டாதவர்கள் புன்லோமிடம் போகலாம், அங்கேயும் அதுதான். ஒரு வாரம் வியாபாரம் படுத்தது. பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். சிலர் கொய்யா போட்டார்கள், சிலர் வேகவைத்த காய் போட்டார்கள்.

மூன்றாவது வாரம் பிரகோங் வந்தாள். முழு வெல்லத்தில் ஒரு துண்டு கேட்டாள். சங்வியன் தயங்கியதும், “அவருக்கு இல்ல, எனக்கு” என்றாள். முக்காலியில் உட்கார்ந்து மெதுவாகத் தின்று முடித்தாள். அவள் கையில் இருந்த பையில் கொய்யாக்காய் எட்டிப் பார்த்தது. மில்காரருக்குக் கொய்யா ஆகவே ஆகாது என்பது சந்தைக்கே தெரியும். கொய்யாவா என்று சங்வியன் மெல்லக் கேட்டாள்.

“டாக்டர் திங்கச் சொன்னாரு. இவரு தலகாணிக்கு அடியில ஒளிச்சு வச்சாரு. இப்ப எங்க ஒளிப்பாருன்னு பாக்குறேன்” என்றாள் பிரகோங். தியப் வந்ததும் மூன்று காய்களைக் கிண்ணத்தில் வைத்து, மனதுக்குள் ஏதோ சொல்லிக் கும்பிட்டாள். கண் ஈரமாக இருந்தது. உதட்டோரம் மட்டும் சிரித்தது.

ரச்சனி இதோடு விடவில்லை. சந்தையில் கடை வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் ஒரு நாள் ரத்தம் பார்த்தாள். சங்வியனுக்குச் சர்க்கரை இருநூற்று முப்பது வந்தது. முப்பத்தி இரண்டு வருடம் ஒவ்வொரு தட்டிலும் ஓரத்தைக் கிள்ளி ருசி பார்த்தவள், வேறென்ன வரும்? சந்தைக்கு அன்று திருவிழா. காய்கறிக்காரி இரண்டு பாகற்காயை இலையில் மடித்து, மேலே வெங்காயம் தூவிக் கொண்டுவந்து வைத்தாள். தியப்புக்கும் செய்தி போனது. கிண்ணம் நிரம்பியதும் மிச்சத்தைப் பைகளில் வாங்கிச் சுமக்கும் கிழவருக்கு முழங்கால் போய்விட்டது, வேறு ஆள் வேண்டும், வியன் வருவாளா என்று கேட்டு அனுப்பினார்.

இப்போது விடிகாலையில், தன் கடையை மேலக்கரைக் கிழவிகளிடம் விட்டுவிட்டுப் புன்லோம் வந்து சங்வியன் கடையைப் பார்த்துக்கொள்கிறாள். பிக்குகளின் வரிசை முடிந்து பத்தடி தள்ளி, இரண்டு கையிலும் பைகளோடு சங்வியன் நடக்கிறாள். முதல் வாரம் பாலத்து மேட்டில் நாலு முறை நின்றாள். நிற்கும்போதெல்லாம் முன்னால் போகிற வரிசையும் ஏதோ காரணம் சொல்லி நின்றது. பாதை மட்டும் மாறவில்லை. செய்தி பரவி ரயில் நிலையத்திலும் கொய்யாவே விழ ஆரம்பித்து, தேடுவதற்கு அங்கே ஒன்றும் இல்லாமல் போன பிறகும் தியப் ரயில் நிலையம்வரை போகிறார், கிழவிகள் காத்திருப்பார்களே என்கிறார்.

ஒரு நாள் திரும்பும் வழியில், பாலத்தின் நடுவில், யாரும் பக்கத்தில் இல்லாதபோது சங்வியன் கேட்டாள்.

“உண்மையைச் சொல்லுங்க சாமி. இனிப்பு ஆசை போயிடுச்சா?”

தியப் ஆற்றைப் பார்த்தபடி கொஞ்ச தூரம் நடந்தார்.

“போகல. இவ்வளவு தூரம் நடந்ததுல அதுக்கும் கால் வலிக்குது, அவ்வளவுதான்.”

கீழே இறங்கியதும் சந்தை வாசலில் இன்னும் ஏழெட்டுப் பேர் கிண்ணத்துக்காகக் காத்திருந்தார்கள். சங்வியன் பைகளைக் கை மாற்றிக்கொண்டு, அவர்கள் கையில் என்ன வைத்திருக்கிறார்கள் என்று எட்டிப் பார்த்தாள்.